ஒரே பெயரில் இரண்டு பட்டியல்

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை இரவு. மறுநாள் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் பந்தல் போட்டு நீலக்கொடி கட்டி முடித்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு ஸ்பீக்கரில் பாட்டு தொடங்க வேண்டும். அப்பா காலத்திலிருந்து அது எங்கள் வீட்டு வேலை. எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தம்பி போனில் பாட்டுப் பட்டியலைத் திறந்தான்.

“அக்கா, இங்க வா. எல்லாம் ரெண்டு ரெண்டா நிக்குது.”

பார்த்தேன். ‘ஒப்பாரி’ என்ற பட்டியல் இரண்டு. ‘அப்பா கேசட்’ இரண்டு. ‘போராட்டம்’ இரண்டு. சிலதைத் தொட்டால் பாடுகிறது. சிலதைத் தொட்டால் சும்மா இருக்கிறது.

சின்ன விஷயம்தான். ஆனால் அன்றிரவு இதைச் சரிசெய்யப் போய், திரும்பக் கிடைக்காத ஒன்றை நான் அழித்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நம் தெருப் பிள்ளைகள் இன்று பாட்டு, மேடைப் பேச்சு, போராட்டக் காணொளி, பாட்டிமார்களின் குரல் என்று நிறையச் சேர்த்து வைக்கிறார்கள். ஒருநாள் உங்களுக்கும் எல்லாம் இரண்டிரண்டாக வந்து நிற்கும். அன்று நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது பெரிய ஏற்பாடு இல்லை. உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினி ஒன்று. அதில் செருகிய பழைய ஹார்ட் டிஸ்க். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தப் போனிலிருந்தும் பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம், கூடத்து ஸ்பீக்கரில் பாடும். நெட் நின்றாலும் பாட்டு நிற்காது. மாதச் சந்தாவும் கிடையாது.

“போன்லயே எல்லாப் பாட்டும் கெடைக்குதே, இது எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாப் பாட்டும் கிடைப்பதில்லை என்பதுதான் பதில். எங்கள் அப்பா மில் தொழிலாளி. சம்பள நாளில் கேசட் கடைக்குப் போவார். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். எந்தப் பாட்டு எந்தப் பக்கத்தில் அடங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் எழுத வேண்டும். இன்று பிளேலிஸ்ட் என்கிறோமே, அதை அப்பா பால்பாயின்ட் பேனாவில் எழுதினார். இளையராஜா இருப்பார். கே.ஏ. குணசேகரன் இருப்பார். தலித் சுப்பையா இருப்பார். நடுவில் எங்கள் பக்கத்துத் தெருமுனைக் கூட்டங்களில் பெயர் தெரியாத தோழர்கள் பாடியதை அப்பாவே டேப் ரெக்கார்டரை நீட்டிப் பிடித்துப் பதிந்ததும் இருக்கும். அந்தக் கடைசி வகை எந்தச் செயலியிலும் கிடைக்காது.

2011இல் அப்பா இறந்த பிறகு, தம்பி அந்தக் கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றினான். பிறகு த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்தது, அறிவு வந்தார். அவையும் சேர்ந்தன. இவற்றோடு எங்கள் ஆயாவின் ஒப்பாரி இரண்டு. ஒன்று, 2011இல் அப்பாவின் சடலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகனுக்காக ஆயா பாடியது. சொந்தக்காரப் பையன் ஒருவன் மலிவான பட்டன் போனில் பதிந்திருந்தான். இன்னொன்று, 2015இல் நான் சமூகவியல் முதுகலை ஆய்வுக்காக ஆயாவைத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடச் சொன்னது. கல்லூரியிலிருந்து வாங்கி வந்த நல்ல ஒலிப்பதிவுக் கருவி அது. நடுவில் ஆயா சிரிப்பார். “சாவு இல்லாம எப்படிடி அழறது?” என்று கேட்பார். இரண்டுக்கும் நான் வைத்த பெயர் ‘ஆயா ஒப்பாரி’. ஒன்று 2011 என்ற ஃபோல்டரில், இன்னொன்று 2015 என்ற ஃபோல்டரில்.

அந்த இரவுக்கு வருகிறேன். மணி பத்தரை. இரண்டிரண்டாக இருப்பதை ஒன்றாக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். நகல் கோப்புகளைக் கண்டுபிடித்து நீக்கும் மென்பொருள் ஒன்றை என் லேப்டாப்பில் இறக்கினேன். பெயர் ஒன்றாக இருந்து, நீளத்தில் பத்து நொடிக்குமேல் வித்தியாசம் இல்லாவிட்டால் அது நகல். இரண்டில் ஒலித்தரம் கூடியதை வைத்துக்கொள், குறைந்ததை நீக்கு. இதுதான் அதில் முன்கூட்டியே இருந்த விதி. நான் மாற்றவில்லை. நீளமான பட்டியல் ஒன்று காட்டியது. முதல் இருபது வரி பார்த்தேன், சரியாக இருந்தது. ‘அனைத்தையும் நீக்கு’ என்பதை அழுத்தினேன்.

மறுபடி போனைப் பார்த்தால் மூன்று பட்டியலும் அப்படியே இரண்டிரண்டாக நிற்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை.

குறைந்தது வேறு. ஆயாவின் இரண்டு பதிவில் ஒன்று 4 நிமிடம் 12 நொடி, மற்றது 4 நிமிடம் 7 நொடி. பெயர் ஒன்று. ஒலித்தரத்தில் குறைந்தது, பட்டன் போனில் பதிந்த 2011. அது போய்விட்டது. லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியின் டிஸ்க்கில் இருப்பதை நீக்கினால், அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும். இதுவும் எனக்கு அப்போது தெரியாது. மீட்கும் மென்பொருட்களைப் பிறகு ஓட்டிப் பார்த்தோம். அதற்குள் அந்த இடத்தில் வேறு எழுதப்பட்டுவிட்டது. பதிந்த பையனின் போன் எப்போதோ உடைந்துபோனது. ஆயா 2019இல் இறந்துவிட்டார்.

சாவு வீட்டில் நல்ல மைக் இருக்காது. கூச்சல் இருக்கும், பறை இருக்கும், ஒரு குழந்தை அழும். அந்தப் பதிவு தரத்தில் குறைந்ததுதான். ஆனால் அதுதான் நிஜம். 2015 பதிவு என் மதிப்பெண்ணுக்காக ஆயா செய்து கொடுத்தது. ஒப்பாரி தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது ஒருமுறை பாடியதுபோல் மறுமுறை வராது. செத்தவரைப் பொறுத்து, அழுபவரைப் பொறுத்து, அந்த நேரத்தில் கட்டுவது அது. அதற்கு நகல் என்று ஒன்று கிடையாது. இதை ஆய்வேட்டில் நானே எழுதியிருக்கிறேன். எழுதிய கைதான் அந்தப் பட்டனையும் அழுத்தியது.

இப்போது தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். அன்று நான் செய்த பிழை அவசரம் மட்டுமல்ல, நோய் ஓரிடம் மருந்து ஓரிடம் என்பதுதான். இரண்டாகத் தெரிந்தவை பட்டியல்கள். நான் நீக்கப் போனது பாட்டுகளை.

பட்டியல் வேறு, பாட்டு வேறு. எம்3யு என்று முடியும் பட்டியல் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அதில் இசை எதுவும் இருக்காது. வரிக்கு ஒரு முகவரி இருக்கும்: இந்த ஃபோல்டருக்குள் இந்த ஃபோல்டர், அதற்குள் இந்தக் கோப்பு என்று. 1990களில் கணினியில் எம்பி3 பாட வைத்த முதல் மென்பொருட்களில் ஒன்றான வின்பிளே3க்காக உருவான முறை அது, இன்றும் அதேதான். அப்பா எழுதிய தாளைப் போன்றது. தாளைக் கிழித்தால் பாட்டு அழியாது. பாட்டை அழித்தால் தாளில் பெயர் மட்டும் நிற்கும். எனவே பட்டியல் இரண்டாகத் தெரிந்தால் முதலில் அந்த இரண்டு கோப்புகளையும் நோட்பேடில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, வரிவரியாகப் பாருங்கள். எதையும் நீக்க வேண்டாம். பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். எங்கள் மூன்று பட்டியலுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருந்தன.

‘ஒப்பாரி’யில் இரண்டும் ஒரே கோப்பு. டிஸ்க்கில் தேடினால் ஒன்றுதான் இருந்தது. போனில் மட்டும் இரண்டு. காரணம், மென்பொருளில் இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும்: பாட்டுகள் இருக்கும் ஃபோல்டர் எது, பட்டியல்கள் இருக்கும் ஃபோல்டர் எது. தம்பி பட்டியல் ஃபோல்டரைப் பாட்டு ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருந்தான். பாட்டு ஃபோல்டரைத் துழாவும்போது ஒருமுறை, பட்டியல் ஃபோல்டரைத் துழாவும்போது ஒருமுறை என்று மென்பொருள் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியிருக்கிறது. பட்டியல் ஃபோல்டரை வெளியே எடுத்துத் தனியாக வைத்தோம். பிறகு ‘புதியதை மட்டும் தேடு’ என்று சொல்லாமல், பழைய கணக்கை அழித்து முழுவதும் மறுபடி துழாவச் சொன்னோம். அது முக்கியம். இல்லாவிட்டால் பழைய எண்ணிக்கை அப்படியே நிற்கும். அழிவது மென்பொருளின் கணக்குப் புத்தகம்தான், பாட்டு இல்லை. ஆனால் பட்டியலைக் கோப்பாக வைக்காமல் மென்பொருளுக்குள்ளேயே உருவாக்கி வைத்திருந்தால், அதை முதலில் வெளியே எடுத்துச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

‘அப்பா கேசட்’டில் இரண்டு கோப்புகள் நிஜமாகவே இருந்தன. ஒன்றில் 18 பாட்டு பாடியது. இன்னொன்று வெறுமை. தம்பி முதலில் விண்டோஸ் கணினியில் பட்டியல் போட்டிருந்தான். அதில் முகவரி டிரைவ் எழுத்தில் தொடங்கும், நடுவில் பின்சாய்ந்த கோடு வரும். ராஸ்பெர்ரி பை ஓடுவது லினக்ஸில். அங்கே டிரைவ் எழுத்தே கிடையாது, கோடு முன்சாய்ந்தது. பழைய முகவரிக்கு வந்த தபால்காரர் போல மென்பொருள் கதவைத் தேடிவிட்டுத் திரும்பியிருக்கிறது. பெயர் மட்டும் பட்டியலில் நின்றுவிட்டது. அதோடு ஒன்று எம்3யு, மற்றது எம்3யு8. பழைய எம்3யு எந்த எழுத்துமுறையில் எழுதப்பட்டது என்பதைச் சொல்லாது. தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். எம்3யு8 என்றால் யூடிஎஃப்-8 எழுத்துமுறை, தமிழ் தாங்கும். தமிழில் பெயர் வைப்பவர்கள் எம்3யு8 என்றே சேமியுங்கள். முகவரியையும் டிஸ்க்கின் தலையிலிருந்து முழுதாக எழுதாமல், பட்டியல் இருக்கும் இடத்திலிருந்து எப்படிப் போவது என்று எழுதுங்கள். நாளை டிஸ்க்கை வேறு கணினியில் செருகினாலும் வழி மாறாது.

‘போராட்டம்’தான் எங்களைச் சுற்றவிட்டது. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள். அப்படி இருக்கவே முடியாது; எந்தக் கணினியும் அதற்கு இடம் தராது. கண்ணுக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். தம்பி பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் பார்த்தான்.

வித்தியாசம் ‘போ’வில் இருந்தது. யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். ஒகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். திரையில் இரண்டும் ஒரே ‘போ’. கணினிக்குள் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். ‘போராட்டம்’ ஒரு விதத்தில் 27 பைட், மறுவிதத்தில் 30 பைட். இரண்டும் சமம் என்றே கருத வேண்டும் என்பது யூனிகோடின் விதி. ஆனால் லினக்ஸின் கோப்பமைப்பு விதியைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் எண்ணும். 27 வேறு ஆள், 30 வேறு ஆள். சில கணினிகள் சேமிக்கும்போதே குறியைப் பிரித்து வைக்கும், சில சேர்த்து வைக்கும். ஒரு பட்டியல் எங்கள் கணினியில் போட்டது. இன்னொன்று தோழர் ஒருவர் தன் கணினியில் திருத்தி அனுப்பியது.

இதற்கு மருந்து, எல்லாப் பெயர்களையும் ஒரே முறைக்கு மாற்றுவது. லினக்ஸில் கன்வ்எம்வி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், சொன்னவுடன் எதையும் மாற்றிவிடாது. இன்னின்னதை இப்படி மாற்றுவேன் என்று முதலில் காட்டும், அவ்வளவுதான். பார்த்துவிட்டு நாம் தனியாக அனுமதி கொடுத்தால்தான் மாற்றும். எங்கள் விஷயத்தில் மாற்றினால் இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர் வந்துவிடும் என்பதால், ஒன்றுக்கு முதலில் வேறு பெயர் வைத்தோம். பிறகு இரண்டையும் திறந்து ஒப்பிட்டோம். தோழர் அனுப்பியதில் மூன்று பாட்டு கூடுதலாக இருந்தது. அவற்றைச் சேர்த்து ஒரே பட்டியலாக்கினோம். கண்ணை நம்பி ஒன்றை நீக்கியிருந்தால் அந்த மூன்று வரியும் போயிருக்கும்.

பட்டியல் பிரச்சினை இங்கே முடிந்தது. ஆனால் பாடியவர் பெயரை வைத்துத் தானாக உருவாகும் பட்டியல்களும் இரண்டிரண்டாக இருந்தன. இங்கே பிரச்சினை கணினியுடையது இல்லை, நம்முடையது.

‘மனுசங்கடா’ இன்குலாப் எழுதியது, கே.ஏ. குணசேகரன் குரலில் ஊர் ஊராகப் போனது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லித் தந்தவர் அவர். ‘வடு’ என்று தன்வரலாறு எழுதியவர். 2016 ஜனவரியில் மறைந்தார். அந்தப் பாட்டு எங்கள் டிஸ்க்கில் ஓரிடத்தில் ‘மனுசங்கடா’, ஓரிடத்தில் ‘மனுஷங்கடா’. யாரோ திருத்தியிருக்கிறார்கள். மக்கள் பேச்சிலிருந்து எடுத்த சொல்லுக்கு இந்தத் திருத்தம் தேவையே இல்லை. விடுதலைக் குரல் கலைக்குழுவின் பாடகர் ஓரிடத்தில் தலித் சுப்பையா, ஓரிடத்தில் லெனின் சுப்பையா. இரண்டும் அவர் பெயர்தான். த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் ஓரிடத்தில் ‘த’வோடு, ஓரிடத்தில் ‘த’ இல்லாமல். கணினிக்கு இவர்கள் ஆறு பேர்.

பிறகு 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’. தீயும் அறிவும் பாடியது, அறிவு எழுதியது, சந்தோஷ் நாராயணன் இசையமைத்தது. எங்களிடம் அது மூன்று கோப்புகளாக இருந்தது. ஒன்றில் பாடியவர் ‘தீ, அறிவு’. ஒன்றில் பாடியவர் ‘தீ’. அறிவு ‘உடன்’ என்ற ஒட்டில். ஒன்றில் அறிவு பெயரே இல்லை. பாட்டின் ஒலியை வைத்து அடையாளம் காணும் அக்கூஸ்டிக்ஐடி என்ற இலவச முறை இருக்கிறது. பாட்டின் முதல் இரண்டு நிமிடத்தைக் கேட்டுக் கைரேகை போல ஒன்று எடுக்கும். அதைக் கேட்டால் மூன்றும் ஒரே பாட்டு என்று சரியாகச் சொல்லிவிடும். மூன்றில் எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று அது சொல்லாது. அதை யாராவது ஒரு மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். கண்டனம் எழுந்த பிறகுதான் அறிவின் படத்தோடு தனியாக ஓர் அட்டையை இணையத்தில் வெளியிட்டார்கள். இரண்டை ஒன்றாக்கும்போது யார் பெயர் கழிகிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வீட்டு டிஸ்க்கிலிருந்தே வர வேண்டும். எங்கள் மூன்று கோப்பிலும் இப்போது இரண்டு பெயரும் சமமாக இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரு கேசட் பட்டியலில் ‘மனுசங்கடா’ இரண்டு முறை வரும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. பட்டியலைச் சுத்தம் செய்யும்போது தம்பி இரண்டாவதை எடுக்கப் போனான். அம்மா அடுப்பங்கரையிலிருந்தே தடுத்தார்.

“அத எடுக்காத. கூட்டம் சேர்றப்ப அந்தப் பாட்டு முடிஞ்சிட்டா, ஒங்கப்பா கேசட்டத் திருப்பிப் போட்டு ஒடனே இன்னொருவாட்டி விடுவாரு. ரீவைண்ட் பண்ண நேரம் ஏது?”

வேண்டுமென்றே வைத்த இரண்டு அது. ஐம்பது பைசா பட்டன் மாதிரி ஒரு தந்திரம். எந்த மென்பொருளுக்கும் அது பிழையாகத்தான் தெரியும். அம்மா உயிரோடு இருந்ததால் நமக்குத் தெரிந்தது.

2025 நவம்பர் 4 அன்று புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. நான் வேலை செய்யும் பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பேட்டுகளில் (நம் ஊரில் சேரிக்கு அதுதானே பெயர்) படிவம் நிரப்ப உதவப் போனேன். இறந்தவர், இடம் மாறியவர், காணப்படாதவர், இரட்டைப் பதிவு என்று பெயர் நீக்கத்துக்குக் காரணங்கள் சொன்னார்கள். இரட்டைப் பதிவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஏப்ரல் 13 ஞாபகம் வந்தது.

ஒரு தெருவில் இரண்டு பெண்கள். ஒரே பெயர். கணவர் பெயரும் ஒன்று. வயதில் இரண்டு வருட வித்தியாசம். பெரிய அதிசயம் இல்லை. ஒரே குலசாமியின் பெயரை மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு வைப்பார்கள், பாட்டி பெயரைப் பேத்திகள் எல்லோருக்கும் வைப்பார்கள். ‘பெரிய’, ‘சின்ன’ என்று தெரு பிரித்துக்கொள்ளும், காகிதம் பிரித்துக்கொள்ளாது. இன்னொரு அம்மாவுக்கு ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து. மூன்றையும் எழுதியது அவர் இல்லை. அவருக்கு எழுதத் தெரியாது. முன்னவர்கள் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள், பின்னவர் ஒருத்தி மூவராகிவிடுகிறார். என் டிஸ்க்கில் நடந்த இரண்டு பிழையும் இதுதான்.

நாங்கள் செய்தது எளிமையானது. ஒரே பெயருள்ள இருவரையும் சேர்ந்து நிற்கச் சொன்னோம். இரண்டு பேரின் அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படிவத்தில் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கி, நகல் எடுத்து வைத்துக்கொண்டோம். “நாங்க ரெண்டு பேருங்க” என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். வரைவுப் பட்டியல் வந்த அன்று இரண்டு பெயரும் இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பார்த்தோம். இருந்தது.

பட்டியல் தப்பாகவே இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. செத்தவர் பெயரை எடுக்க வேண்டும், இரண்டு முறை எண்ணியதைத் திருத்த வேண்டும். ஆனால் எடுப்பதற்கு முன் எடுபடப்போவது எது என்று ஒரு ஆள் பார்க்க வேண்டும், அதை அறிந்த ஒருவரைக் கேட்க வேண்டும். பெயரும் நீளமும் ஒத்துப்போனால் போதும் என்பது விதியானால், குறைந்த தரத்தில் பதியப்பட்டவர்கள்தான் முதலில் போவார்கள். ஏனென்றால் நம்மை யாரும் நல்ல மைக்கில் பதிந்ததில்லை.

இப்போது வீட்டில் நான் வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். இரண்டாகத் தெரிந்தால் முதலில் எண்ணுவேன்: இரண்டிலும் எத்தனை பாட்டு? பிறகு கோப்புகளை நோட்பேடில் திறந்து முகவரிகளை ஒப்பிடுவேன். பிறகு ஃபோல்டர் அமைப்பு, பிறகு எழுத்து, கடைசியாகப் பாடியவர் பெயர். இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் பாட்டுக் கோப்பைத் தொடவே வேண்டியிருக்காது. நீக்குவது என்று முடிவானாலும் நேராக நீக்குவதில்லை. ‘காத்திருப்பு’ என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். அங்கே மாற்றிவிட்டு ஒரு மாதம் விடுவேன். அதற்குள் வீட்டில் யாராவது “அந்தப் பாட்டு எங்க?” என்று கேட்பார்கள். ‘அனைத்தையும்’ என்று இருக்கும் பட்டனை அழுத்துவதே இல்லை. ஒரே பெயர் வைப்பதையும் நிறுத்திவிட்டேன். யார், எங்கே, எந்த நாள், யாருக்காக என்பது கோப்பின் பெயரிலேயே இருக்கும்.

முக்கியமாக, நகல் எடுத்து வைக்கிறேன். நகல் எல்லாமே குப்பை இல்லை. தெரிந்து வைத்த நகலுக்குக் காப்பு என்று பெயர். எங்கள் பாட்டுகள் இப்போது வீட்டில் இரண்டு டிஸ்க்கில், தவளக்குப்பத்தில் ஒரு தோழி வீட்டில் ஒரு டிஸ்க்கில் இருக்கின்றன. மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறோம். 2011இல் யாராவது அந்தப் பதிவை இன்னொரு போனுக்கு அனுப்பியிருந்தால், இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

‘ஒப்பாரி’ பட்டியல் இப்போது ஒன்றுதான். அதில் இரண்டாவது வரி சாம்பல் நிறத்தில் நிற்கிறது. தொட்டால் கோப்பு இல்லை என்கிறது. அந்த வரியை எடுத்துவிடவா என்று மென்பொருள் ஒவ்வொரு முறையும் கேட்கிறது, நான் வேண்டாம் என்கிறேன். அம்மாவுக்கு அந்தப் பாட்டில் பாதி நினைவிருக்கிறது. எங்கே மூச்சு வாங்கும், எங்கே மகன் பெயர் வரும் என்று சொல்கிறார். அதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது அந்தப் பதிவு ஆகாது. ஆனால் அம்மா சொல்வதையும் சேர்த்துப் பதிந்துகொள்கிறேன், பெயரும் தேதியும் போட்டு.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு போனில், தரம் குறைந்த ஒரு பதிவு இருக்கும். இன்று இரவே அதற்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.